தொட்டிக் கோரை

மூன்றாவது பரிசோதனையும் காலை வாரிவிட்டது. கொல்லைத் தொட்டியில் நிரப்பிய கிணற்றுத் தண்ணீரில் களைக்கொல்லி துளியும் குறையவில்லை. தொட்டியில் வைத்த கோரையின் வேரில் ஆராய்ச்சிக்கார மருமகள் வளர்த்த பாக்டீரியாப் படலம் அதைத் தின்றிருக்க வேண்டும். நாளை பஞ்சாயத்தார் கிணற்றை மூடிவிடுவார்கள். தெருவுக்கு வேறு தண்ணீர் கிடையாது. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதம்மா," என்றார் மாமனார். "என்னால ஆனதை நானும் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீங்களா? என்ன மாமா செஞ்சீங்க?"

"நீ வேலைக்குப் போனதும் செடிய வெளிய எடுத்து, பிரஷ் போட்டு வேரைப் பளிச்சுன்னு தேய்ச்சு வைக்கிறேன். அழுக்குச் செடி எப்படிம்மா தண்ணிய சுத்தம் பண்ணும்?"

அவள் தலையிலிருந்து கையை எடுத்தாள். "தினமுமா?"

"பின்னே? எவ்வளவு தேய்ச்சாலும் அந்த வழவழப்பு மறுநாளே திரும்ப வந்துடுது. நானா விடுவேன்!"