பாலத்தைத் தாண்ட விடாதீங்க

"ஒரு ஆளு தோள்ல துப்பாக்கியை மாட்டிக்கிட்டு மெயின் ரோட்டுல நடந்து போறாரு மேடம். யாரையாவது அனுப்புங்க."

வெர்னா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த மாவட்டத்தின் அவசர அழைப்புகளைப் பத்தொன்பது வருடமாக எடுப்பவள் அவள். இந்த மாதிரி அழைப்பு மாதத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடும்.

"சார், நீங்க கலிஃபோர்னியாவுல இருந்து புதுசா குடி வந்தவரா?"

"இல்லம்மா. இங்கயே பொறந்து வளர்ந்தவன்."

"அப்போ உங்களுக்கே தெரியுமே. மொன்டானாவுல துப்பாக்கியை வெளிய தெரியற மாதிரி மாட்டிக்கிட்டு நடக்கறது குத்தமில்ல. அதுக்கெல்லாம் போலீஸ் வந்தா ஊர்ல பாதிப் பேரை நிறுத்தணும். யாரையாவது குறி வச்சாரா? மிரட்டினாரா?"

"ரோட்டுல இருக்கறவங்க யாரையும் இல்ல."

"அப்புறம் என்ன சார்?"

"குண்டு போட்டிருக்கு. அவரு பாலத்தைத் தாண்டக் கூடாது. தாண்ட விடாதீங்க."

வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பொருட்காட்சித் திடல். சனிக்கிழமை மத்தியானம் என்பதால் பாதி ஊர் பிள்ளைகுட்டிகளோடு அங்கேதான் இருந்தது. திடலை விட்டால் கல்லறைத் தோட்டம், அதற்கப்பால் வெறும் காடு.

திடல் வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரன் ரஸ்ஸை வயர்லெஸ்ஸில் பிடித்தாள். "ரஸ், வண்டியை எடுத்துக்கிட்டு உடனே பாலத்துக்குப் போ. நடந்து வர்றவர்கிட்ட ரைஃபிள் இருக்கு."

"சைரன் வேண்டாம்னு சொல்லுங்கம்மா," என்றது போன் குரல். "மிரண்டுடுவாரு."

அதையும் ரஸ்ஸிடம் சொன்னாள்.

"சார், அவருக்கு எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?"

"பக்கத்துலதான். கூடவே நடக்கறேன்."

"தள்ளிப் போங்க. ஏதாவது கடைக்குள்ள நுழைஞ்சுக்குங்க."

"முடியாதும்மா. நானும் விட்டுட்டா அவரு தனியா ஆயிடுவாரு."

அப்போது போனுக்குள் வேறொரு குரல் உற்சாகமாகக் கேட்டது. "அடேயப்பா, நல்ல ரைஃபிள். மான் வேட்டை சீசனுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே." யாரோ சிரித்தார்கள்.

"இரும்புக் கடைக்காரரு," என்றார் அவர். "எல்லாரும் கையாட்டறாங்க, துப்பாக்கியைப் பத்திப் பேசறாங்க. எங்க போறீங்கன்னு ஒருத்தரும் கேக்கல."

வெர்னா எதிரே இருந்த மற்ற மூன்று தொலைபேசிகளையும் பார்த்தாள். ஒன்றும் ஒலிக்கவில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

"அவரை உங்களுக்குத் தெரியுமா சார்?"

"ரொம்ப வருஷமா."

"கோபமா இருக்காரா?"

"கோபமெல்லாம் இல்ல. களைச்சுப் போயிருக்காரு. போன மாசம் வீட்டுக்காரம்மாவை அடக்கம் பண்ணினாரு. அதுல இருந்து ராத்திரி தூக்கமில்ல. இன்னைக்குக் காலையில நல்லா சவரம் பண்ணிக்கிட்டு, சர்ச்சுக்குப் போடற சட்டையை எடுத்து மாட்டினாரு. அப்பவே எனக்கு பயம் வந்துடுச்சு."

கூடப் பிறந்தவன்கூட ஒருவனை இப்படிக் கவனிப்பானா என்று வெர்னாவுக்குத் தோன்றியது.

"நீங்க அவருக்குத் தம்பியா?"

"அவருக்குன்னு இப்ப யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

குண்டு போட்ட துப்பாக்கியின் பக்கத்தில், குரல் நடுங்காமல், ஒரு மனிதனை விட்டு விலகாமல் நடக்கிறார் இவர். இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ குரல்களைக் கேட்டிருக்கிறாள். அலறியவர்கள் உண்டு, ஓடியவர்கள் உண்டு. இப்படி ஒருவரை அவள் கேட்டதில்லை.

"உங்களுக்கு பயமா இல்லையா?"

"இருக்கும்மா. ரொம்பவே இருக்கு. நீங்க ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. அது போதும்."

வெர்னா வாயில் வந்ததைச் சொன்னாள். "பொருட்காட்சிப் போட்டிக்கு ஹக்கிள்பெரி பழத்தை உள்ள வச்சு 'பை' பலகாரம் சுட்டு வச்சிருக்கேன். அடி கொஞ்சம் கருகிடுச்சு. பரிசு பண்ணைக்காரங்க வீட்டுக்குத்தான் போகும், வழக்கம்போல."

"சர்க்கரை அதிகம் போட்டிருப்பீங்க. அதான் அடி பிடிச்சிருக்கும்."

அந்த நிலையிலும் வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. மறுமுனையிலும் லேசாக ஒரு மூச்சு, சிரிப்பு மாதிரி.

"பாலம் வந்துடுச்சும்மா," என்றார். பிறகு, "போலீஸ் வண்டி தெரியுது."

அதன்பின் காற்றின் சத்தமும், அதில் புரியாமல் கலைந்த பேச்சும் மட்டும் கேட்டன. ஒரு நிமிடம் ஆனது. இன்னொன்றும் ஆனது.

வயர்லெஸ் கரகரத்தது. "வெர்னா, ஒண்ணும் பிரச்சினை இல்ல. என்னைப் பாத்ததும் ரைஃபிளை அவராவே தரையில வச்சுட்டுத் தள்ளி நின்னுட்டாரு. குண்டையெல்லாம் எடுத்துட்டேன். பாவம், பெரியவரு அழறாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டேன், சரின்னுட்டாரு."

அவளுக்கும் கண் கலங்கியது. "ரஸ், கூடவே நடந்து வந்து போன் பண்ணினாரே ஒருத்தர், அவரு அங்கதான் நிப்பாரு. அவரு கையைப் பிடிச்சு, நான் நன்றி சொன்னேன்னு சொல்லு."

"பாலத்துல எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்லையே வெர்னா," என்றான் ரஸ். "இவருதான், வண்டியில ஏறச் சொன்னா, காதுல இருந்து போனை எடுக்காம, 'இருப்பா, அந்தம்மா இன்னும் லைன்ல இருக்காங்க'ங்கறாரு."