ஈயத்தகடு அடித்த சுவர்

ஒலிப்பதிவாளர் தன் வேலை அறைச் சுவர் முழுக்க ஈயத்தகடு அடித்திருந்தார். மெல்லிய தகடுதான், ஆனால் தூக்கினால் தோள் இறங்கிவிடும். பக்கத்து அறையில் படுத்த படுக்கையாய்க் கிடந்த மனைவி, ஏதாவது வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவாள். தகடு அடித்த அன்றோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

மகள் வெளியே போயிருந்த ஒரு பிற்பகலில் மனைவி தட்டித் தட்டியே ஓய்ந்து போனாள். விரல் முட்டிகள் சிவந்திருந்தன. அவர் அடுத்த அறையில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மறுபடி வேலைக்கு உட்கார்ந்த அன்று தகடு அதிர்ந்துகொண்டிருந்தது. சத்தம் துளியும் இல்லை. கை வைத்தால் மட்டும் தெரிந்தது. அதிர்வை அளக்கும் கருவியோடு வந்து பார்த்த நண்பர் உதட்டைப் பிதுக்கினார்.

"அறைக்குள்ள ஒண்ணுமே வரலப்பா. அதிர்வு மொத்தமும் தகட்டோடயே நின்னுடுது. கனமான தகடு அப்படித்தான், வாங்கினதை உள்ள விடாது."

"தானா அடங்கிடுமா?"

"அந்தப் பக்கம் தட்டுறதை நிறுத்தச் சொல்லு, அடங்கிடும்."

அந்தப் பக்கம் வெறும் கட்டில்தான் இருந்தது.

நண்பர் போனதும் அவர் வெறி பிடித்தவர்போலத் தகட்டையெல்லாம் பெயர்த்துப் போட்டார். இனியாவது கேட்கட்டும் என்று வெறும் சுவரில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையை வைத்தார். அசைவே இல்லை.

சமையலறையிலிருந்து மகள் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓடிவந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"அம்மா எவ்வளவு நேரமா தட்டுறாங்க. இன்னுமாப்பா உங்களுக்குக் கேக்கல?"