வெண்ணெய் மாதிரி இறங்கும் கிளட்ச்

"ஆட்டோமேட்டிக் எடுங்க சார். இடது காலுக்கு வேலையே இல்ல," என்றார் விற்பனையாளர்.

"கியர் போடாம ஓட்டுனா அது ஸ்போர்ட்ஸ் காரா தம்பி? ராட்டினத்துல உக்காந்த மாதிரில்லா இருக்கும்."

பால்துரை மேனுவல் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். இருபது வருஷம் சொந்த லாரியைத் தானே ஓட்டி ஆளானவர். பக்கத்து சீட்டில் மனைவி ராஜகனி. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போனதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. செருப்பு கழன்றது தெரியாமலே வீடு வந்து சேர்ந்த அன்று அவளாகத் தெரிந்துகொண்டதுதான்.

"கிளட்சை மிதிச்சுப் பாருங்க சார். எப்படி இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி இறங்குது."

ராஜகனி குனிந்து பார்த்தாள். அவருடைய ஷூ கிளட்சுக்குப் பக்கத்தில் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஆட்டோமேட்டிக்கே எடுப்போம். நானும் ஓட்டிப் பழகணும்."

"இத்தன வருஷம் இல்லாத ஆசை இப்ப எங்க இருந்து வந்துச்சு உனக்கு?"

கதவோரம் நின்ற விற்பனையாளரும் கீழே பார்த்துவிட்டார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எதை எழுதட்டும்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பால்துரை சொன்னார், அழுத்திய காலை எடுக்காமலே: "இதையே எழுதுங்க தம்பி. காலுக்கு நல்லா ஒத்துப்போகுது."