போடாத கூச்சல்

ஹோர்னின்டால் பள்ளத்தாக்கில் கிறிஸ்துமஸ் பீர் வீட்டில்தான் காய்ச்ச வேண்டும். மாரித்தின் கணவன் ஓட்முன் இலையுதிர் காலத்தில் இறந்துபோனதால், இந்த வருடம் அவளே முதல்முறையாகக் காய்ச்சினாள். பீரைப் புளிக்கவைக்கும் குடும்பத்து ஈஸ்ட்டில், ஒரு மர வளையத்தில் காய்ந்து ஒட்டியிருந்ததுதான் மிச்சம். அது பொங்காவிட்டால் நாலு தலைமுறை ஈஸ்ட் அதோடு போயிற்று.

காலையில் வளையத்தை நிலவறையில் இருந்த பீர்த் தொட்டியில் போட்டாள். மத்தியானம் வரை ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஈஸ்ட் போடறப்போ கத்துனீங்களா அண்ணி?" என்று காப்பி குடித்தபடி கேட்டாள் நாத்தனார் குன்வோர்.

"மறந்துட்டேன்டி."

"நல்லா இருக்கு! கத்தாமப் போட்டா அது எப்படி முழிக்கும்? எங்கண்ணன் கத்துனா ஏரிக்கு அந்தப் பக்கம் மாடு மிரளும்."

"வெக்கமா இருக்கு. பக்கத்து வீட்ல என்ன நெனைப்பாங்க?"

"பீர் காய்ச்சறாங்கன்னு நெனைப்பாங்க. போய்க் கத்துங்க."

மாரித் சிரித்துக்கொண்டே எழுந்தாள். அப்போது கீழே நிலவறையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. நீளமான ஆண்குரல், கடைசியில் லேசாக உடைந்தது. அடுப்போரம் படுத்திருந்த ஓட்முனின் கிழட்டு நாய் துள்ளி எழுந்து படியிறங்கி ஓடியது.

இருவரும் பின்னால் போனார்கள். நிலவறையில் யாருமில்லை. தொட்டியில் நுரை விளிம்பு வரை பொங்கி நின்றது. நாய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் சுவரை அண்ணாந்து பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

குன்வோர் அண்ணியின் கையை இறுகப் பிடித்தாள்.

மாரித்தும் நாய் பார்த்த இடத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

"இதைக் காலையிலயே பண்ணியிருக்கக் கூடாதா?" என்றாள்.