வாசல் வரைக்கும் வண்டி

அவள் இரண்டாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள்.

ஒரு நுனி கட்டில் காலில். மறு நுனி மகனின் கணுக்காலில். நடுவே அவளுடைய பழைய நூல் புடவை.

கயிறு என்றால் தோலை அறுத்துவிடும். அதனால்தான் புடவை. அதையும் தினமும் முதலில் தன் காலில் கட்டி இழுத்துப் பார்ப்பாள். வலிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவன் காலில்.

லோகேஷுக்குப் பதினேழு வயது. பேச்சு வராது. நெருப்பு சுடும் என்பதும் தெரியாது. அவள் பனியன் கம்பெனிக்குப் போயிருந்த ஒரு மதியம் அடுப்பின் கேஸைத் திறந்துவிட்டான். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து இப்படி.

வேலைக்குப் போகாவிட்டால் இருவருக்கும் சோறு இல்லை.

அறைக் கதவைச் சாத்தினாள். வாசல் கதவைத் தன் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் திறந்தாள்.

லோகேஷைப் போன்ற பிள்ளைகளுக்கான பகல் பராமரிப்பு மையத்துப் பெண், வினோதா. போன மாதமும் வந்தவள்.

"அக்கா, நம்ம மையத்துல இன்னும் ஒரு எடம் இருக்குதுங்க. வாசல் வரைக்கும் வண்டி வரும். நீங்க வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்குத் தம்பியக் கொண்டாந்து உட்டுருவோம். ஒத்த ரூபா வேண்டாமுங்க."

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். தாகத்தில் இருப்பவள், யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்பதுபோல.

"தம்பிய ஒருக்கா பாத்துட்டாப் போதுங்க்கா. டாக்டரம்மா கை, காலெல்லாம் பாப்பாங்க. அவ்வளவுதான்."

கால்.

எத்தனை மெத்தென்ற புடவையாக இருந்தால் என்ன. கணுக்காலைச் சுற்றித் தோல் வளையமாகக் கறுத்திருந்தது.

பார்த்துவிட்டு என்ன சொல்வார்கள். இப்படியும் ஒரு அம்மாவா என்பார்கள். இவளிடம் இனிமேல் விடக்கூடாது என்பார்கள்.

"அவன் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கானுங்க. இனி அங்கயே இருந்துக்குவான். அந்த எடத்த வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. விட்டு விட்டு வரும் உரத்த சிரிப்பு.

வினோதா நிமிர்ந்து பார்த்தாள்.

"டிவிங்க" என்றாள் அவள்.

தெருவில் விடிந்ததிலிருந்தே மின்சாரம் இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

"நாங்க ஆரையும் குத்தம் சொல்ல வர்றதில்லீங்க்கா."

அவள் உதடு அசைந்தது.

கதவைச் சாத்தினாள்.

வினோதாவின் ஸ்கூட்டி தெருமுனை திரும்பும்வரை, சாத்திய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

அறையில் முடிச்சு அவிழ்ந்து புடவை தரையில் கிடந்தது. எடுத்தாள். புடவையோடு கட்டிலருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

லோகேஷ் அவளைப் பார்த்தான். புடவையைப் பார்த்தான்.

பிறகு, அம்மாவுக்கு நேரமாகிறது என்பதுபோல, தானாகவே காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.