ரெண்டு மில்லிமீட்டர்

ஹார்பரில் பன்னிரண்டு வருஷம் தலையில் மாட்டிய மஞ்சள் ஹெல்மெட் விரிசல் விட்டதும், சாவியோ அதை வெட்டி ஏழாவது பொம்மைச் சிப்பாயைச் செய்தான். மற்ற ஆறு பேரும் ஷாம்பு பாட்டில், பேனா மூடி என்று வீட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக்கில் செய்தவர்கள். உயரம் ஆளுக்கு ஐம்பத்துநாலு மில்லிமீட்டர். ஏழாவது ஆள் மட்டும் ஐம்பத்தாறு இருந்தான்.

பூட்ஸ் அடியில் அரம் போட்டு ரெண்டு மில்லிமீட்டர் தேய்த்தான். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து அளந்தால் மறுபடியும் ஐம்பத்தாறு. ஸ்கேல்தான் கோளாறு என்று புது ஸ்கேல் வாங்கினான். அதுவும் ஐம்பத்தாறுதான் காட்டியது. தினமும் தேய்த்தான். ஒன்பது நாளில் மேசையெல்லாம் மஞ்சள் தூள். பூட்ஸ் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் பொம்மைக் கண்காட்சி.

"பேஜாரு பண்றான் சில்வியா. இவன் ஒருத்தனால மொத்த வரிசையும் கலீஜா கீது."

அவன் மனைவி சில்வியா தரையில் உட்கார்ந்து, அவன் போட்டிருந்த பேண்ட்டின் அடியை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"போன வாரம்தான்யா மடிச்சுத் தச்சேன். மறுபடியும் தரையில இழுக்குது. இடுப்புல எறக்கிப் போட்டுக்கினு கீறியா?"

"இடுப்புலதான் கீது."

"அப்ப நேரா நில்லு."

"நேராத்தான் நிக்கிறேன்!" என்று கத்தினான் சாவியோ. அரத்தை வீசி எறிந்தான். இனிமேல் தேய்த்துப் பிரயோஜனமில்லை.

வயர் கட்டரை எடுத்து, சிப்பாயின் முழங்காலுக்குக் கீழே வைத்தான்.