ஐநூறு கிலோ ஜாக்கி

தென்காசியில் காமராஜ் நடத்தும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பென்னி ஒரு ஜாக்கி வாங்க வந்தான். பைக்கைத் தூக்கி நிறுத்தி வீட்டிலேயே வேலை பார்க்க வேண்டுமாம். போன மாதம் குற்றாலம் சாலையில் அந்தப் பைக்கின் பின்சீட்டிலிருந்து விழுந்துதான் அவன் மனைவி ஜெனி இறந்தாள் என்று ஊரில் பேச்சு.

"இது ஐநூறு கிலோ தாங்கும். ஒம்ம வண்டி எரநூறுகூட வராது," என்று காமராஜ் வாசலில் நின்ற பைக்குக்கு அடியில் ஜாக்கியை வைத்து அதன் கைப்பிடிக் கம்பியை அழுத்தினார். பைக் எழும்பவில்லை. குனிந்து பார்த்தார். பின்சக்கர ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருந்தது.

"பின்னால இருக்கவங்கள எறங்கச் சொல்லும்," என்றபடி நிமிர்ந்தார். சீட்டில் யாரும் இல்லை.

பென்னி கம்பியை உருவினான்.

"எறங்குட்டி ஜெனி. அன்னைக்கு அவ்வளவு அடிச்சும் நீ சாகலையா?"

வெறும் சீட்டுக்கு மேலே ஓங்கி ஓங்கி அடித்தான். சீட் கிழியவில்லை. எலும்பு நொறுங்கும் சத்தம்தான் கேட்டது. கடைசியில் ஸ்பிரிங் மெல்ல நிமிர்ந்தது.

கம்பியில் ரத்தத்தோடு நீளமான முடி ஒட்டியிருந்தது. பென்னி அதைத் தன் சட்டையில் துடைத்தான்.

"நல்ல கனமாத்தான் இருக்கு. இதையே எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி," என்றான்.